அலுமினிய எஞ்சின் காருக்கு எந்தக் கூலன்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கார் எஞ்சின் அலுமினியம்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் வந்த பெட்ரோல் கார் என்றால் பெரும்பாலும் ஆம். மாருதி சுசுகியின் கே வரிசை எஞ்சின்கள், ஹூண்டாயின் 1.2 லிட்டர் கப்பா, ஹோண்டா சிட்டி, ஜாஸ் கார்களில் வந்த எல் வரிசை எல்லாவற்றிலும் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி), ஹெட் (அதை மூடும் மேல்பகுதி) இரண்டுமே அலுமினியம். சந்தேகம் இருந்தால் எஞ்சின் ஆறியபின் பிளாக்கின் வெளிப்புறத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு, ஒட்டாமல் விழுந்தால் அலுமினியம்.

டீசல் கார்களில் பிளாக் இரும்பாக இருப்பது சகஜம். ஒரு காலத்தில் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று பல கார்களில் ஓடிய ஃபியட் 1.3 மல்டிஜெட் அப்படிப்பட்டது. ஆனால் அதிலும் ஹெட் அலுமினியம்தான், ரேடியேட்டரும் அலுமினியம்தான். ஆகவே இன்று சாலையில் ஓடும் எந்தக் காராக இருந்தாலும், கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) விஷயத்தில் அதை அலுமினிய எஞ்சின் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு எஞ்சினுக்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

அலுமினியம் துருப்பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரும்பைவிட வேகமாக ஆக்சிஜனோடு சேரும். சேர்ந்த நொடியே மேலே மெல்லிய, கெட்டியான ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, அடியில் இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றுகிறது. அந்தப் படலம் இருக்கும்வரை கவலை இல்லை. அது உடைந்தால்தான் ஆபத்து.

உடைக்கக்கூடியவை மூன்று. முதலாவது, தண்ணீரில் இருக்கும் குளோரைடு, அதாவது உப்பு. இது படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை போட்டு, அந்த ஒரே இடத்தைத் தோண்டிக்கொண்டே போகும். வெளியே சின்னப் புள்ளி, உள்ளே ஆழமான குழி. இரண்டாவது, பி.எச். அளவு, அதாவது அமிலமா காரமா என்பது. இரும்புக்குக் காரத்தன்மை அதிகமாக இருந்தாலும் ஆகாது என்றில்லை. அலுமினியம் அப்படி அல்ல. அமிலமானாலும் கரையும், காரம் மிஞ்சினாலும் கரையும். அதன் படலம் நிலையாக நிற்கும் எல்லை ஏறக்குறைய 4.5 முதல் 8.5 வரைதான். அதைத் தாண்டும்போது கூலன்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு ரசாயனங்கள்தான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. மூன்றாவது, வேறு உலோகங்களோடு உறவு. பழைய பித்தளை ஹீட்டர் கோரிலிருந்து (காருக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) கரைந்து வரும் செம்பு, அலுமினியத்தின் மேல் போய்ப் படிந்தால் அங்கே ஒரு குட்டி பேட்டரியே உருவாகிவிடும். தேய்வது அலுமினியமாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல் இருமடங்கு விரிகிறது. ஒருமுறை நன்றாக ஓவர்ஹீட் ஆனால் ஹெட் வளைந்துவிடும். பல எஞ்சின்களில் ஹெட் பரப்பு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்தாலே மெஷினிங் செய்ய வேண்டும். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட அதைவிட அதிகம்.

நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை. வெறும் தண்ணீர் போதாதா?

போதாது. உறையாமல் காப்பது கூலன்ட்டின் பல வேலைகளில் ஒன்று மட்டும்தான். உதகையில் மார்கழி, தை இரவுகளில் உறைபனி விழும் என்பதைத் தவிர தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு அவசியம் குறைவு. மற்ற வேலைகள் மூன்று இருக்கின்றன.

கொதிநிலையை ஏற்றுவது ஒன்று. 1.1 பார் அழுத்தத் தாங்குதிறன் கொண்ட ரேடியேட்டர் மூடியின் கீழ் வெறும் தண்ணீர் சுமார் 121 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கூலன்ட்டின் அடிப்படைத் திரவமான கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலந்தால் அது சுமார் 128 டிகிரி. ஏழு டிகிரிதானே என்று தோன்றும். ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள பகுதியில் நீரின் சூடு மற்ற இடங்களைவிட மிக அதிகம். மே மாத வெயிலில், ஏ.சி. போட்டுக்கொண்டு, கொல்லிமலை ஏற்றத்தில் முதல் கியரில் போகும்போது அந்த ஏழு டிகிரிதான் இடைவெளி. அங்கே ஆவிக்குமிழி உண்டானால் அந்த இடத்துக்குக் குளிர்ச்சியே போகாது.

இரண்டாவது, வாட்டர் பம்ப் சீலுக்கு வழவழப்புத் தருவது. மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, அரிப்பைத் தடுப்பது. அந்த ரசாயனங்கள் தண்ணீரில் கிடையாது. கூலன்ட் பாட்டிலுக்கு நீங்கள் கொடுக்கும் காசில் மதிப்புள்ளது அதுதான்.

பச்சை, சிவப்பு, நீலம்: என் காரில் இருக்கும் நிறத்தையே வாங்கினால் சரிதானே?

இல்லை. நிறம் என்பது வெறும் சாயம். எந்த ரசாயனத்துக்கு எந்த நிறம் என்று உலகத்தில் எந்தத் தரநிர்ணயமும் கட்டாயப்படுத்தவில்லை.

ஹோண்டாவின் டைப் 2 கூலன்ட் நீலம். பி.எம்.டபிள்யூ. பல ஆண்டுகள் பயன்படுத்திய ஜி48 வகையும் நீலம்தான். முதலாவதில் பாஸ்பேட் உண்டு, சிலிகேட் இல்லை. இரண்டாவதில் சிலிகேட் உண்டு, பாஸ்பேட் இல்லை. டொயோட்டாவின் சூப்பர் லாங் லைஃப் கூலன்ட் இளஞ்சிவப்பு. ஃபோக்ஸ்வாகனின் ஜி13ம் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட ஊதா. இவை இரண்டும் வேறு வேறு குடும்பம். கண்ணை நம்பி வாங்கினால் தப்பான குடும்பத்தோடுதான் வீட்டுக்கு வருவீர்கள்.

நிறம் இரண்டு வகையில் மட்டும் பயன்படும். ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிக்க, பழசாகி மங்கிவிட்டதா என்று பார்க்க. அவ்வளவுதான்.

அப்படியானால் உண்மையான வகைகள் என்னென்ன?

அடிப்படைத் திரவம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றே: எத்திலீன் கிளைக்கால். வித்தியாசம் அதில் கரைத்திருக்கும் தடுப்பு ரசாயனங்களில் இருக்கிறது.

பழைய வகை ஐ.ஏ.டி. சிலிகேட், பாஸ்பேட், போரேட் போன்ற கனிம உப்புகள் சேர்ந்தது. கடைகளில் லிட்டர் கணக்கில் கிடைக்கும் மலிவான பச்சை பெரும்பாலும் இதுதான். சிலிகேட் அலுமினியத்தின் மேல் உடனே ஒரு பூச்சாகப் படியும், வேகமாகக் காக்கும். ஆனால் படியப் படியத் தீர்ந்துபோகும். இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர்தான் இதன் ஆயுள்.

ஓ.ஏ.டி. என்பது கரிம அமிலங்களின் உப்புகளை வைத்துச் செய்தது. இது எல்லா இடத்திலும் பூசிக்கொள்ளாது, அரிப்பு தொடங்கும் புள்ளியில் மட்டும் போய் அடைக்கும். அதனால் மெதுவாகத் தீரும், ஐந்து ஆண்டுகள் தாங்கும், வெப்பம் கடத்தும் பரப்பில் படிவும் இருக்காது. ஜெனரல் மோட்டார்ஸ் 1995இல் கொண்டுவந்த ஆரஞ்சு நிற டெக்ஸ்-கூல் இந்த வகையைப் பிரபலமாக்கியது. அதே டெக்ஸ்-கூல்தான், மட்டம் குறைந்து காற்று புகுந்த எஞ்சின்களில் பழுப்புச் சேறாக மாறி அமெரிக்காவில் வழக்குகளுக்கும் காரணமானது. ஓ.ஏ.டி. ஊற்றினால் ஐந்து ஆண்டு மூடியைத் திறக்கவே வேண்டாம் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். மட்டத்தை மாதம் ஒருமுறையாவது பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டையும் கலந்தது எச்.ஓ.ஏ.டி. இதில்தான் இரண்டு கிளைகள் பிரிகின்றன. கரிம அமிலத்தோடு பாஸ்பேட் சேர்த்தது ஜப்பான், கொரிய வழி. கரிம அமிலத்தோடு சிலிகேட் சேர்த்தது ஐரோப்பிய வழி. ஜி48, ஜி40 எல்லாம் ஐரோப்பிய வழியில் வந்தவை.

ஜப்பான்காரர் பாஸ்பேட் போடுகிறார், ஐரோப்பியர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

இருவருமே அவரவர் ஊருக்குச் சரி. நம் ஊருக்கு இந்தக் கேள்விதான் மிக முக்கியம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஐரோப்பாவின் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் கடினமானது, சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட்டாகத் திரியும், வெள்ளைப் படிவாக ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். ஆகவே அங்கே பாஸ்பேட்டை விலக்கினார்கள். ஜப்பானில் தண்ணீர் மென்மையானது, அந்தப் பயம் இல்லை. மாறாக, சிலிகேட்டிலிருந்து உண்டாகும் நுண்துகள் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சிலிகேட்டை விலக்கினார்கள். பாஸ்பேட் அலுமினியத்தை விரைவாகக் காக்கும், பம்ப் பகுதியில் குமிழி வெடிப்பால் வரும் அரிப்பையும் நன்றாகத் தாங்கும்.

இப்போது நம் நிலைமையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பான், கொரிய வடிவமைப்பு. அதாவது பாஸ்பேட் கூலன்ட். நம் போர் தண்ணீரோ பல ஊர்களில் பக்கெட்டிலும் குழாயிலும் வெள்ளைப் படிவு விடும் அளவுக்குக் கடினம். மென்மையான தண்ணீருக்காக வடிவமைத்த கூலன்ட்டில் நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றுவதைவிட மோசமான சேர்க்கை வேறு இல்லை. கூலன்ட் பிராண்டுக்காகச் சண்டை போடுவதைவிட, எந்தத் தண்ணீர் உள்ளே போகிறது என்பதில் கறாராக இருங்கள்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்?

டிஸ்டில்ட் அல்லது டீமினரலைஸ்ட் தண்ணீர். பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் பேட்டரி தண்ணீர் என்று விற்பது இதுதான். வாங்கும்போது பேட்டரியில் ஊற்றும் ஆசிட் அல்ல என்பதை மட்டும் லேபிளில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஏ.எஸ்.டி.எம். டி3306 என்ற அமெரிக்கத் தரநிர்ணயம், கலக்கும் தண்ணீருக்கு உச்ச அளவுகளைச் சொல்கிறது: கரைந்த திடப்பொருள் 340, கடினத்தன்மை 170, குளோரைடு 40, சல்பேட் 100. எல்லாமே பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் டி.டி.எஸ். மீட்டரில் 50க்குக் கீழ் காட்டினால் அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் பல ஆர்.ஓ. இயந்திரங்களில் கடைசியில் ஒரு கேட்ரிட்ஜ் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மறுபடி சேர்க்கிறது. குடிக்க நல்லது, ரேடியேட்டருக்குத் தேவையில்லை. மினரல் வாட்டர் என்று பெயர் போட்ட பாட்டிலும் அதே கதைதான்.

ஒரு தரம் ஊற்றிய கடினநீரில் இருக்கும் சுண்ணாம்புக்கு ஓர் அளவு உண்டு. அது படிந்து முடிந்தால் புதிதாக வராது. ஒழுகுகிறது, ஊற்றுகிறோம், மறுபடி ஒழுகுகிறது, மறுபடி ஊற்றுகிறோம் என்று போகும்போதுதான் ஒவ்வொரு லிட்டரும் புதுச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

பாட்டிலில் எதைத் தேடிப் பார்த்து வாங்குவது?

முதலில் உங்கள் காரின் கையேட்டைத் திறங்கள். அதில் இருக்கும் கூலன்ட் வரியில் ஒன்று தயாரிப்பாளரின் சொந்தக் குறியீடு இருக்கும், அல்லது வகை இருக்கும். உதாரணமாக, ஹூண்டாய் கையேடுகள் அலுமினிய ரேடியேட்டருக்கான பாஸ்பேட் சார்ந்த எத்திலீன் கிளைக்கால் என்ற வகையில் சொல்லும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்றால் டி.எல். 774 என்று தொடங்கி ஓர் எழுத்தில் முடியும் எண் இருக்கும்: ஜி12++க்கு ஜி, ஜி13க்கு ஜே, ஜி12 ஈவோவுக்கு எல்.

பிறகு பாட்டிலின் பின்பக்கம். ஜப்பான் கார்களுக்கு ஜே.ஐ.எஸ். கே 2234, பொதுவாக ஏ.எஸ்.டி.எம். டி3306, இந்தியத் தரம் ஐ.எஸ். 5759. இதில் எதுவும் இல்லாமல் "எல்லாக் காருக்கும் ஏற்றது" என்று மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

டி3306 தேர்ச்சி என்றால் வெறும் காகிதம் அல்ல. அதற்குள் ஒரு சோதனையில் செம்பு, சோல்டர், பித்தளை, எஃகு, வார்ப்பிரும்பு, வார்ப்பு அலுமினியம் ஆறையும் 88 டிகிரிச் சூட்டில் 336 மணி நேரம் ஊறவைப்பார்கள். அலுமினியத் துண்டு 30 மில்லிகிராமுக்கு மேல் எடை இழக்கக் கூடாது. இன்னொரு சோதனையில் அலுமினியத் தகட்டை 135 டிகிரிக்குச் சூடாக்கி, ஹெட்டுக்குள் நடப்பதையே ஒரு வாரம் நடத்திப் பார்ப்பார்கள்.

அடர்வாக வருகிறதா, கலந்து வருகிறதா என்றும் பாருங்கள். "ரெடி டு யூஸ்" என்று இருந்தால் தண்ணீர் ஏற்கெனவே கலந்தாகிவிட்டது, மேலும் ஒரு சொட்டு சேர்க்கக் கூடாது. அதைச் சரியான விகிதத்தில்தான் கலந்திருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. அதற்குச் சமையலறைத் தராசே உதவும். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்த ஒரு லிட்டர், பாட்டிலின் எடை போக, சுமார் 1,070 கிராம் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கலந்தது 1,045 கிராம் அளவில். 1,005 கிராம் காட்டினால் சாயத் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

கூலன்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

கிளைக்கால் அதிகமானால் நல்லது என்பது தவறு. தண்ணீர்தான் வெப்பத்தை அதிகம் சுமக்கும். கிளைக்கால் சேரச் சேர அந்தச் சுமக்கும் திறன் குறையும். மறுபக்கம், 30 சதவீதத்துக்குக் கீழே போனால் தடுப்பு ரசாயனம் போதாது.

சமவெளியில் ஓடும் காருக்கு 40 சதவீதம் நல்ல இடம். 30 தாராளமான கீழ் எல்லை, 50 பொதுவான தொழிற்சாலை அளவு. 60க்கு மேல் போக நம் ஊரில் ஒரு காரணமும் இல்லை. உறைநிலையிலும் ஆதாயம் இல்லை: 50 சதவீதம் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும், ஆனால் தண்ணீரே இல்லாத சுத்தக் கிளைக்கால் மைனஸ் 13இலேயே உறைந்துவிடும்.

இரண்டு வகைகளைக் கலந்தால் என்ன ஆகும்?

வெடிக்காது. பல சமயம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆயுள்தான் குறையும்: ஐந்து ஆண்டு ஓ.ஏ.டி.யில் இரண்டு ஆண்டுப் பச்சையை ஊற்றினால் மொத்தமும் இரண்டு ஆண்டுச் சரக்காகிவிடும். சில சேர்க்கைகளில் அதோடு நிற்காது. ஃபோக்ஸ்வாகனின் பழைய நீலப்பச்சை ஜி11ஐயும் முதல் சிவப்பு ஜி12ஐயும் கலந்தால் பழுப்புச் சேறு உண்டாகும் என்பது உலகறிந்த விஷயம். சிலிகேட் மிகுந்த கூலன்ட் பிற வகைகளோடு சேரும்போது கூழாகத் திரிவதும் உண்டு. அந்தக் கூழ் முதலில் அடைப்பது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களைத்தான்.

என்ன வகை உள்ளே இருக்கிறது என்று தெரியாத பழைய கார் வாங்கியிருக்கிறீர்களா? யோசிக்காமல் முழுதாகக் கழுவி, கையேடு சொல்லும் வகையை ஊற்றுங்கள்.

வழியில் தண்ணீர் குறைந்துவிட்டது. கையில் கூலன்ட் இல்லை. என்ன செய்ய?

வண்டியை நிறுத்தி ஏ.சி.யை அணையுங்கள். மூடியைத் தொடாமல் முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். மேல் ஹோஸைத் துணி சுற்றி அமுக்கினால் மெத்தென்று அமுங்க வேண்டும், விறைப்பாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

ஆறியபின், தப்பான வகைக் கூலன்ட்டைவிட சுத்தமான தண்ணீரே மேல். பேட்டரி தண்ணீர் கிடைக்காவிட்டால் கேன் தண்ணீர். அதுவும் இல்லாமல் போர் தண்ணீர்தான் என்றால் அதையும் ஊற்றலாம், எஞ்சின் வறண்டு ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே வடித்துவிட்டு மாற்றுங்கள். சூடான அலுமினிய ஹெட்டில் குளிர்ந்த தண்ணீரைத் திடீரென்று ஊற்றினால் விரிசல் விடும் என்பதால் அவசரம் வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கையேடு சொல்வதே கணக்கு. டொயோட்டா சூப்பர் லாங் லைஃப் முதல் முறை 1,60,000 கிலோமீட்டர், அதன்பின் ஒவ்வொரு 80,000 கிலோமீட்டருக்கும். இரண்டாம் முறை ஏன் பாதி? வடித்தாலும் பழையது கொஞ்சம் பிளாக்கிலேயே தங்கிவிடும், தொழிற்சாலையில் நிரப்பிய சுத்தம் மறுபடி வராது. இந்த நீண்ட ஆயுள் எல்லாம் அதே கூலன்ட் கலப்பில்லாமல் இருந்தால் மட்டும்தான். நடுவில் யாராவது பச்சையை ஊற்றியிருந்தால் இரண்டு ஆண்டுக் கணக்குக்கு வந்துவிடுங்கள்.

வீட்டிலேயே மாற்றும் முறை?

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், காலையில் செய்வது உத்தமம். ஹீட்டர் உள்ள காரில் சூட்டு நாப்பை முழுச் சூட்டுக்குத் திருப்பிவையுங்கள். மூடியைத் திறந்து, ரேடியேட்டர் அடியில் இருக்கும் வடிகால் குமிழைத் தளர்த்துங்கள். குமிழ் பிளாஸ்டிக், இறுக்கி முறுக்கினால் உடையும். குமிழ் இல்லாவிட்டால் கீழ் ஹோஸைக் கழற்றுங்கள். கழற்றும்போது ஹோஸ் உட்காரும் அலுமினியக் கழுத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் (வாட்டர் பேப்பர்) தேய்த்து வழவழப்பாக்குங்கள். குழி ஆழமாக விழுந்திருந்தால் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும், அந்த ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். ரிசர்வ் டேங்க்கையும் கழற்றிக் கழுவுங்கள், அதன் அடியில்தான் வண்டல் சேரும்.

பிறகு டிஸ்டில்ட் தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டர் விசிறி ஒருமுறை ஓடும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். சூடேறியதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தால்தான் பிளாக்கில் இருக்கும் பழையதும் கலந்து வரும். பெரும்பாலான கார்களில் அது 82 டிகிரியை ஒட்டித் திறக்கும். ஆறவிட்டு வடியுங்கள். நிறமில்லாத தண்ணீர் வரும்வரை இரண்டு மூன்று முறை.

இப்போது எல்லோரும் தவறும் இடம். கொள்ளளவு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வடித்தால் 3 லிட்டர்தான் வரும், 2 லிட்டர் கழுவிய தண்ணீர் பிளாக்கிலேயே இருக்கும். அங்கே 50 சதவீத ரெடி டு யூஸ் 3 லிட்டர் ஊற்றினால் மொத்தத்தில் கிளைக்கால் ஒன்றரை லிட்டர், அதாவது 30 சதவீதம். 50 வேண்டுமென்றால் அடர்வு கூலன்ட் இரண்டரை லிட்டர் ஊற்றி, மீதி அரை லிட்டரை டிஸ்டில்ட் தண்ணீரால் நிரப்புங்கள். கழுவினால் அடர்வு வாங்குங்கள், கழுவாமல் அதே வகையையே மாற்றினால் ரெடி டு யூஸ் வாங்குங்கள்.

மெதுவாக ஊற்றுங்கள், வேகமாக ஊற்றினால் காற்று சிக்கும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் தளர்த்தி, குமிழி இல்லாமல் திரவம் வந்ததும் மூடுங்கள். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, கொதி வருமுன் மூடுங்கள். விசிறி இரண்டு முறை ஓடி நிற்கட்டும். மறுநாள் காலை மட்டம் பார்த்து நிரப்புங்கள், அது கொஞ்சம் இறங்கியிருப்பது இயல்பு. ஹீட்டரில் சூடு வராமல் குளிர்காற்று வந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

உள்ளே இருக்கும் கூலன்ட் கெட்டுவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது?

கலவை விகிதத்துக்கு, ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி சிறந்தது. ஒரு சொட்டு போதும். எத்திலீன் கிளைக்கால் கோட்டில் மைனஸ் 24 டிகிரி காட்டினால் 40 சதவீதம், மைனஸ் 16 காட்டினால் 30. குறைவாக இருந்தால் கணக்குப் போட்டு மாற்றலாம்: 5 லிட்டர் கொள்ளளவில் 20 சதவீதம் இருக்கிறது, 40 வேண்டும் என்றால் 1.25 லிட்டரை வடித்து அதே அளவு அடர்வை ஊற்றுங்கள்.

ஆனால் விகிதம் சரியாக இருப்பதால் தடுப்பு ரசாயனம் இருக்கிறது என்று ஆகிவிடாது. கிளைக்கால் தீராது, தடுப்புதான் தீரும். பி.எச். தாளில் 7க்குக் கீழ் வந்தால் கிளைக்காலே அமிலமாக மாறத் தொடங்கிவிட்டது, உடனே மாற்றுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனை. கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டிலும் வையுங்கள். எஞ்சின் அணைந்த நிலையில் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கூலன்ட் மின்கடத்தியாகிவிட்டது. ஹெட்லைட், விசிறி என்று ஒவ்வொன்றாகப் போடும்போது அளவு ஏறினால் அந்தப் பொருளின் எர்த் இணைப்பு கெட்டு, மின்சாரம் கூலன்ட் வழியே போகிறது. எர்த்தைச் சரிசெய்யாமல் எத்தனை ரேடியேட்டர் மாற்றினாலும் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும்.

பழுப்பு நிறம் என்றால் இரும்புப் பகுதி துரு. வெள்ளைக் கூழ் என்றால் அலுமினியமே கரைந்து ரேடியேட்டரில் படிகிறது. மேலே எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) ஆயில் கூலரையோ பார்க்க வேண்டும்.

ஒழுகல் தெரியவில்லை, ஆனால் மட்டம் குறைகிறது?

ரேடியேட்டர் மூடியை முதலில் சந்தேகியுங்கள், விலை குறைந்த பாகம் அதுதான். ரப்பர் தடித்துப்போனால் அழுத்தம் நிற்காமல் ஆவியாகப் போகும். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தையே வாங்குங்கள், அதிகமானதைப் போட்டால் பிளாஸ்டிக் டேங்க் வெடிக்கும். அடுத்து வாட்டர் பம்ப்பின் அடித்துளையில் காய்ந்த உப்புக் கோடு இருக்கிறதா, முன் இருக்கைக் கால்விரிப்பு ஈரமா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் சோதனை. ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனைக் குழாயின் நீலத் திரவம் மஞ்சளானால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருகிறது.

ஒழுகலை அடைக்கும் பொடி, திரவம் போடலாமா?

வேண்டாம். ஓட்டையை அடைப்பது ஹீட்டர் கோரையும் அடைக்கும். நடுக்காட்டில் ஊர் சேர வேறு வழியில்லை என்றால் மட்டும், சேர்ந்ததும் கழுவிவிடும் எண்ணத்தோடு.

லாரிக்கு வாங்கிய கூலன்ட் மீதி இருக்கிறது. காரில் ஊற்றலாமா?

கனரக டீசலுக்கானவை பலவற்றில் நைட்ரைட் உண்டு. அது இரும்பு லைனர்களைக் குமிழி அரிப்பிலிருந்து காக்க வைத்தது. அலுமினியப் பரப்பு அதிகமுள்ள அமைப்பில் நைட்ரைட் வினைபுரிந்து அம்மோனியா உண்டாகும், பி.எச். ஏறும், அலுமினியம் கரையும். ஊற்றாதீர்கள்.

பழைய கூலன்ட்டை எங்கே கொட்டுவது?

வாசலிலும் சாக்கடையிலும் கொட்டக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், குழந்தைகளும் வாயில் வைக்கும். உடலுக்குள் அது ஆக்சலேட் படிகமாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொஞ்சம் குடித்தாலே உயிராபத்து. யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் சில மணி நேரத்தில் வெறும் மயக்கம் போலத்தான் தெரியும், மாற்று மருந்து வேலை செய்வதும் அந்த நேரத்தில்தான்.

வடித்ததை மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே பெயர் எழுதி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள்.